ஒரு கிளாஸ் இன்னார்

என் வீட்டுக்காரர் பேரை நான் இந்த வாழ்நாளில் இரண்டே முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில், நாமக்கல் பஸ் நிற்குமிடத்தில், ஊரே கூடி நிற்க நடந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கட்டினவள் கட்டினவர் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். எவ்வளவு குறையும் என்று யாரும் கணக்குச் சொன்னதில்லை, குறையும் என்பது மட்டும் நிச்சயம். என் பெரியம்மா வீட்டுக்காரர் பேர் ‘சின்ன’ என்று ஆரம்பிக்கும். அதனால் அவள் சாகும்வரை சின்ன வெங்காயத்தைப் பொடி வெங்காயம் என்றாள். சின்னம்மை போட்ட பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, ‘பெரியது இல்லை, மற்றது’ என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் முறை என்று நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

ஆகையால் என் வீட்டுக்காரர் பேர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் இங்கே ‘இன்னார்’ என்று எழுதுகிறேன். எழுதினால் ஆயுசு குறையுமா என்று எனக்குத் தெரியாது. அவர் இப்போது இல்லை, குறைவதற்கு ஒன்றும் மிச்சமும் இல்லை. ஆனாலும் கை வரமாட்டேன் என்கிறது. அவர் பேரைப் போடாமல் மற்றவர்கள் பேரை மட்டும் போடுவது நியாயமில்லை என்பதால் ஒருவர் பேரும் போடவில்லை. என் பேரையும்தான்.

நான் பிறந்தது ஜேடர்பாளையத்துப் பக்கம், வாய்க்கால் பாசனத்து ஊர். அவரும் அந்தப் பக்கம்தான். மூன்று அண்ணன் தம்பிகளில் கடைசி, பங்குக்கு வந்த காடு ஒரு மாடு படுத்து எழுந்திருக்கக் காணாது. அதனால் இளவயதிலேயே சேலத்துக்குப் போய், துரைமார்கள் கூடும் ஒரு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளைக்கு ‘துரைமாரோடு உத்தியோகம்’ என்றார்கள். என் அப்பா கலெக்டர் கச்சேரி குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி அம்மாபேட்டையில் குடித்தனம் வைத்த பிறகுதான் உத்தியோகம் இன்னதென்று எனக்குத் தெரிந்தது. தினமும் சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் பிழிவார்.

பிழிவதோடு நிற்கவில்லை. துரைமார்கள் குடிக்கிற சரக்குகளைக் கலந்து கொடுப்பதுதான் வேலை. ஆனால் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார். மூக்கால் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். வீட்டில் ரசம் வைத்தாலும் அப்படித்தான், தட்டில் ஊற்றுவதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். வந்த புதிதில் எனக்கு அது பற்றிக்கொண்டு வரும்.

அந்த வேலையில் அவருக்கு உயிரான ஒன்று இருந்தது. உயரமான கண்ணாடிக் கிளாஸில் பனிக்கட்டி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஜின் என்கிற தண்ணீர் நிறத்துச் சாராயம், மேலே சோடா. அதற்குப் பேர் டாம் காலின்ஸ். அடிக்கிற சேலத்து வெயிலுக்குத் துரைமார்கள் அதைத்தான் அதிகம் கேட்பார்களாம். சுற்றிலும் தறிச் சத்தம் கேட்க, ராத்திரி சோறு போடும்போது அதை எப்படிக் கலக்கவேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்லுவார். நான் சாம்பார் வேண்டுமா என்று கேட்பேன்.

ஒரு நாள், அதென்ன மனுஷன் பேர் மாதிரி இருக்கிறது, யார் அந்த ஆள் என்று கேட்டேன். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. மறுநாள் கிளப்பில் விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரு துரை சொன்னாராம், லண்டனில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற காலின்ஸ் என்பவர் கலந்து கொடுத்ததாம், டாம் என்பது அதில் ஊற்றுகிற இனிப்பு ஜின்னின் பேராம். இன்னொரு துரை அதெல்லாம் இல்லை என்றாராம். அமெரிக்காவில் வேலையற்றவர்கள் சிலர் சேர்ந்து, சிநேகிதனிடம் போய், ‘அந்தச் சாராயக் கடையில் டாம் காலின்ஸ் என்று ஒருத்தன் உன்னைத் தாறுமாறாகப் பேசிக்கொண்டிருக்கிறான்’ என்று மூட்டிவிடுவார்களாம். இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர்களுக்கு வேட்டி ஏது, எதையோ மடித்துக்கொண்டு கடை கடையாக ஓடி, ‘எங்கே டாம் காலின்ஸ்’ என்று கேட்பானாம். அப்படி ஓர் ஆளே கிடையாது. கேட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கடைக்காரன் ஒரு கிளாஸை நீட்டி, இதுதான் அவன் என்று சொல்லிவிட்டானாம்.

இரண்டையும் கேட்டுவிட்டு நான் ஒன்றுதான் கேட்டேன். அந்த ஆள் இருந்தாரோ இல்லையோ, இருந்திருந்தால் அவருக்குப் பெண்டாட்டி உண்டா, உண்டென்றால் அவள் அதை எப்படிக் கேட்டு வாங்குவாள்? பாவம், வெயிலில் தாகத்தோடு வந்து, புருஷன் பேரைச் சொல்லமுடியாமல் ‘அதைக் கொடுங்கள், அதைக் கொடுங்கள்’ என்று கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள் இல்லையா?

என் வீட்டுக்காரர் இதையும் போய்க் கிளப்பில் கேட்டுவிட்டார். அவர் அப்படிப்பட்டவர். ஒரு துரை சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாராம். ஒரு வாரத்துக்குக் கிளப்பில் இதே பேச்சாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமான கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முப்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ராஜதானியிலேயே முதலில் எங்கள் ஜில்லாவில்தான். அம்மாபேட்டைப் பெண்களுக்கு அன்று தீபாவளி. கூலிப் பணத்தோடு கள்ளுக்கடைக்குத் திரும்புகிற கால்கள் இனி வீட்டுக்குத் திரும்பும் என்று வாசல் வாசலாகக் கோலம் போட்டோம். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு ஊர்வலம் போனோம். முன்வரிசையில் நான். தொண்டை கட்டப் பாடிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பர்மிட் வாங்கிய துரைமார்கள் இனிமேல் வீட்டிலேயே குடித்துக்கொள்வார்களாம், கிளப்பில் ஆள் குறைத்துவிட்டார்களாம். இவருடைய வேலையும் கள்ளுக்கடையும் ஒரே சட்டத்தில் வரும் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை. ஊர்வலம் எப்படி என்று கேட்டார். நல்ல கூட்டம் என்றேன்.

கிளப்பில் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். மனுஷன் ஏதாவது உருப்படியாகக் கேட்டிருக்கலாம். ஆறு உயரக் கிளாஸ், ஒரு நீளக் கரண்டி, ஒரு காலி ஜின் பாட்டில் கேட்டு வாங்கி வந்தார். அதை வைத்துக்கொண்டு நாமக்கல்லில், மலைக்கோட்டை நிழலில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், அவருடைய அத்தை மகன் விட்டுக்கொடுத்த ஒரு கடையறையில் சோடாக் கடை போட்டோம். கள்ளை நிறுத்தினால் தாகமுமா நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. அது தப்பவில்லை.

டாம் காலின்ஸில் இருந்து ஜின்னை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எலுமிச்சை சோடாதானே என்று நான் சொல்லப்போக, அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஜின்னுக்கு ஒரு வாசம் உண்டாம். அந்த வாசம் இல்லாவிட்டால் அது பானமே இல்லையாம். பத்து நாள் அடுப்படியை எனக்கு விடவில்லை. கடைசியில் கொத்துமல்லி விதையை நசுக்கி, எலுமிச்சைத் தோலும் இலையும் சேர்த்துப் பாகில் ஊறவைத்து வடிகட்டி, என் மூக்கடியில் நீட்டி, இதேதான் என்றார். எனக்கு ரசப்பொடி வாசம் வந்தது. ஆனால் குடித்தபோது, சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சுவரைக்கும் குளிர்ந்தது. அந்தப் பாகை அவர் எதில் ஊற்றி வைத்தார் என்றால், அந்தக் காலி ஜின் பாட்டிலில்.

முதல் வாரம் வியாபாரம் மூக்கை உடைத்தது. நிஜமாகவே மூக்கைத்தான். எங்கள் ஜனம் கிளாஸில் வாய் வைத்துக் குடிக்காது, அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ளும். அவ்வளவு உயரக் கிளாஸைத் தூக்கி அண்ணாந்து சாய்த்தால், முதலில் ஒன்றும் வராது, பிறகு பனிக்கட்டி மொத்தமும் திமுதிமுவென்று வந்து மூக்கில் விழும். ஒரு மாட்டுத் தரகர் பல் ஆடுகிறது என்று சண்டைக்கே வந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் குளிர வைத்து, கட்டியைக் கரண்டியால் தடுத்து வடித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். துரைமார்களுக்குத் தெரியாத வித்தை என்று பெருமை வேறு.

பேரும் தானாக வந்தது. சேலம் பஸ் டிரைவர் ஒருத்தர், நாக்கு நீளம், மனசு நல்லது, தினமும் வண்டியை நிறுத்தியதும் இறங்காமலே தலையை நீட்டி, “ரெண்டு இன்னார் குடுங்க” என்று என் வீட்டுக்காரர் பேரையே சொல்லிக் கத்துவார். இன்னார் கடைத் தண்ணி என்பதை அவர் அப்படிச் சுருக்கினார். அதைப் பார்த்து கண்டக்டர் சொன்னார், பிரயாணிகள் சொன்னார்கள், சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். தை மாசத்துக்குள் ஊரெல்லாம் அதுதான் பேர். இவருக்குச் சந்தோஷத்தில் சட்டைப் பொத்தான் தெறித்தது. லண்டனில் ஒரு காலின்ஸ், நாமக்கல்லில் இவர்.

எனக்குத்தான் வந்தது வினை. வாரத்தில் இரண்டு நாள் இவர் பனிக்கட்டி வாங்க சேலம் போய்விடுவார். அப்போது கடையில் நான். வருகிறவர்கள் என்ன இருக்கிறது என்பார்கள். சோடா இருக்கிறது, கலர் இருக்கிறது என்பேன். அப்புறம்? அப்புறம் அது. எது? அதாங்க. எங்கள் கடையில் நன்றாக விற்கிற ஒரே சரக்கின் பேரை நான் சொல்லமுடியாது. அந்த டிரைவருக்கு இது தெரிந்துபோய், வேண்டுமென்றே நின்று, “அக்கா, என்ன வேணும்னு மறந்து போச்சுங்க, அது பேரு என்னுங்க?” என்று என் வாயைப் பிடுங்குவார். என்றைக்கோ அந்தக் காலின்ஸ் பெண்டாட்டிக்காகப் பரிதாபப்பட்டேன். அது எனக்கே வந்து சேர்ந்தது.

இவரிடம் சொல்லி அழுதேன். இவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, பழைய பேர் இருக்கிறதே, நீ டாம் காலின்ஸ் என்றே சொல்லிக்கொள் என்றார். எனக்கு அது பிடித்துவிட்டது. பஸ் வந்து நின்றதும், “டாம் காலின்ஸ் வேணுங்களா, டாம் காலின்ஸ்” என்று தைரியமாகக் கூவ ஆரம்பித்தேன். ஊர் நடுவில் முன்பின் தெரியாத ஓர் ஆம்பளை பேரை நாள் முழுக்கக் கூவினேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டினவர் பேரைச் சொன்னால்தான் குற்றம்.

இப்படியே சித்திரை வந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில், இவர் சேலம் போயிருந்தபோது, மதுவிலக்குப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு சேவகர்களோடு கடைக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு. நல்ல மனுஷர்தான், ஆனால் புதுச் சட்டம், புது உடுப்பு, இரண்டும் விறைப்பாக இருந்தன. பக்கத்தில் எவனோ குடித்த கிளாஸை எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது. இன்னொரு முறை முகர்ந்தார். ரசப்பொடி வாசம் என்று நான் நினைத்ததை, அந்த இன்ஸ்பெக்டர் வேறெங்கோ ஜின்னில் முகர்ந்து வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பத்து நாள் என் அடுப்படியில் நடந்த வேலை வீண்போகவில்லை என்பது பிற்பாடு புரிந்தது.

இதற்குப் பேர் என்ன என்று கேட்டார்.

“டாம் காலின்ஸுங்க.”

தேடாமல் கிடைத்த பொருளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஜின் ஊற்றித்தானே இதைச் செய்வார்கள் என்றார்.

“அங்க ஊத்துவாங்கங்க. இங்க ஊத்தறதில்லீங்க.”

இதை யார் கற்றுக்கொடுத்தது என்றார். வீட்டுக்காரர் என்றேன். அவர் எங்கே கற்றார் என்றார். சேலத்தில் துரைமார் கிளப்பில் என்றேன். நான் சொன்னது அத்தனையும் சத்தியம், ஒவ்வொரு சத்தியத்துக்கும் அவர் ஒரு வரி எழுதினார். அப்புறம் பலகையில் இருந்த ஜின் பாட்டிலைப் பார்த்தார். அதில் பாதிவரைக்கும் தண்ணீர் நிறத்தில் பாகு இருந்தது.

பாகுதாங்க, குடித்துப் பாருங்க என்றேன். அவர் குடிக்கமாட்டேன் என்றுவிட்டார். உள்ளே ஜின் இருந்தால், குடித்த குற்றம் அவர் பேரில் வந்துவிடும். மூத்த சேவகர் சர்க்காருக்காகத் தாம் வேண்டுமானால் குடித்துப் பார்ப்பதாக முன்வந்தார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்து நிறுத்தினார். பாட்டிலுக்குச் சீல் வைத்து சென்னைப் பட்டணத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புவதாம், முடிவு வரும்வரை கடையைப் பூட்டுவதாம், என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கியதும் இறங்கிய கையோடு சேலம் ஜெயிலுக்கு அழைத்துப் போவதாம். ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷர், சாராயக் கேஸில் உள்ளே போகப்போகிறார், அதுவும் நான் கூவின பேரால்.

அழுகையும் ஆத்திரமுமாக, அந்தப் பேர் நானாகச் சொல்லிக்கொள்வதுங்க, ஊரில் இதற்கு வேறு பேருங்க என்றேன். என்ன பேர் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கூட்டத்தில் ஒருத்தர் சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் திரும்பி, ஒருவரும் பேசக்கூடாது, பேசினால் அவரையும் கேஸில் சேர்ப்பேன் என்றார். கூட்டம் மொத்தமும் உதட்டை மடித்துக்கொண்டது.

சரி, உன் புருஷன் பேர் என்ன என்றார். அதற்கும் பேசவில்லை. இதற்கு மட்டும் இன்ஸ்பெக்டர் சரி என்று தலையசைத்தார். அவர் வீட்டிலும் பெண்டாட்டி உண்டே.

“அதைச் சொல்லமாட்டே, தெரியும். குடிக்கிற தண்ணியோட பேரை ஏம்மா சொல்லமாட்டேன்றே?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க சாமி.”

அவர் நம்பவில்லை. எந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு மனுஷன் பேர் வைப்பார்கள் என்றார். டாம் காலின்ஸும் மனுஷன் பேர்தானுங்களே என்றேன். சேவகர்கள் இரண்டு பேரும் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. ஆனால் நியாயஸ்தர், அதை இன்றைக்கும் சொல்லுவேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு ஒரு வழி சொன்னார். நீ உன் வாயால் ஊரில் சொல்லும் பேரைச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன். இதோ சேலம் பஸ் வரும் நேரம். அதிலிருப்பவர்களுக்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரியாது. அவர்களில் ஒருத்தராவது வந்து அதே பேரைச் சொல்லிக் கேட்டால், நீ சொன்னது எல்லாவற்றையும் நம்புகிறேன். இல்லாவிட்டால் சீல் வைக்கிறேன். பஸ் வருவதற்கு முன்னால் சொல்லவேண்டும், வந்த பிறகு சொன்னால் செல்லாது.

எழுதிக் காட்டலாம் என்றால் எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பின்னால் என் மகள் பள்ளிக்கூடம் போனபோது அவள் பலகையைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கற்றேன்.

ராசிபுரம் ரோட்டில் புழுதி தெரிந்தது. பஸ்தான். அதில் இவரும் வருகிறார், பனிக்கட்டி மூட்டையோடு, ஜெயில் காத்திருப்பது தெரியாமல். நான் மலைமேல் இருக்கிற சாமியைப் பார்த்தேன். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இருக்கிற ஆயுசில் பாதி ஜெயிலில் போகும். குறைந்தாலும் பரவாயில்லை, குறைந்ததை வெளியே இருந்து வாழட்டும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

“காதுல விழலை. சத்தமா சொல்லும்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

இப்போது நினைத்தாலும் அந்த மனுஷர் மேல் ஆத்திரம் வருகிறது. ஓர் ஆயுளில் ஒரு முறை செய்கிற பாவத்தை மறுபடி செய் என்றால்? பஸ் சத்தம் கிட்டத்தில் வந்துவிட்டது. வந்த கோபத்துக்கெல்லாம் சேர்த்து, மலைக்கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி, இன்னார் என்று கத்தினேன். கத்தி முடிக்கவும் டிரைவர் என்ஜினை நிறுத்தவும் சரியாக இருந்தது. அந்த இடத்தில் எள் விழுந்தால் கேட்கும். இன்ஸ்பெக்டர் பேரை எழுதிக்கொண்டார்.

டிரைவர் வழக்கம்போலத் தலையை நீட்டினார். வழக்கமாகக் கத்துகிறவர், நான் கத்தினதைக் கேட்டுவிட்டாரோ என்னவோ, வாயைத் திறந்தவர் அப்படியே திறந்தபடி இருந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. வேளை பார்த்து வாயடைத்துப்போனாரே, தினமும் என் வாயைப் பிடுங்குகிறவர். அதற்குள் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து, ஒன்றும் கேட்டிராத ஒரு பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, உடுப்புக்காரரை ஒதுக்கிவிட்டு நின்றார்.

“ஒரு இன்னார் குடு ஆத்தா. நெஞ்சு காயுது.”

இன்ஸ்பெக்டர் தன் தாளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் தொப்பியைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு, எனக்கும் அதையே ஒன்று கொடும்மா என்றார். குடித்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாம் இருக்கிறது என்றார். அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் அன்றைக்கே ஆயுசு பத்து வருஷம் கூடியிருக்கும். ஆனால் அவர் காதில் அது விழவில்லை.

அவர் பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் மரத்தூள் சாக்கில் பனிக்கட்டி. கரைந்து சட்டை வழியாக, வேட்டி வழியாக, கணுக்கால் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லை. பத்து வருஷக் குடித்தனத்தில் ‘ஏனுங்க’, ‘இங்க பாருங்க’ தவிர என் வாயிலிருந்து வேறு ஒன்றும் கேட்டிராத மனுஷர். சொட்டச் சொட்ட நடந்து வந்து என் முன்னால் நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மெதுவாகத்தான் கேட்டார்.

“என்னைக் கூப்பிட்டியா புள்ள?”

அவ்வளவு கூட்டம், இன்ஸ்பெக்டர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இல்லீங்க. வித்துக்கிட்டிருந்தேன்” என்றேன்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மலைப்புறா எல்லாம் பறந்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதில் பாதிதான் மிச்சமிருந்தது.

அன்று சாயங்காலமே மலைக்குப் போய், இரண்டு முறைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவருக்குத் தலைவலி வந்தாலும் என் நாக்கைத்தான் திட்டிக்கொள்வேன். யுத்தம் வந்து சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்ததும் கடையை மூடிவிட்டு ஜேடர்பாளையத்துக்கே திரும்பிவிட்டோம். ஆனால் பேர் நாமக்கல்லிலேயே தங்கிவிட்டது. யுத்தம் முடிந்து ஒரு முறை பஸ் மாற நின்றபோது, யாரோ ஒருவர் கடையில் ‘இன்னார்’ விற்றுக்கொண்டிருந்தார், சின்னக் கிளாஸில், கொத்துமல்லி வாசமே இல்லாமல். குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் யார் அந்த இன்னார் என்று வாக்குவாதம் செய்தார்கள். ஒருவர் சேலத்தில் ஒரு பட்லர் என்றார். மற்றவர் அப்படி ஓர் ஆளே கிடையாது, சும்மா கட்டிவிட்ட பேர் என்றார். என் பக்கத்தில் நின்று என் வீட்டுக்காரர் அதையெல்லாம் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பயந்த மாதிரி அவர் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. எண்பதைத் தாண்டினார், கடைசி வாரம்கூட ரசத்தை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு கணம் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கூப்பிட்டியா என்று கேட்டபோது ‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.